எசமானனின் கணக்கேட்டில் மூதாதையின் பெயர்

1870 ஜூன் மாதம் அமெரிக்க அரசின் குடிக்கணக்கு அலுவலர்கள் வீடு வீடாகப் போனார்கள். பெயர், வயது, நிறம், தொழில், பிறந்த மாநிலம், எழுதப் படிக்கத் தெரியுமா என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதிக்கொண்டார்கள். 1790 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவந்த வேலைதான் அது. ஆனால் தென் மாநிலங்களில் அந்த ஆண்டு நடந்ததற்கு முன்மாதிரி கிடையாது. ஐந்தாண்டுகளுக்கு முன் அடிமைமுறையிலிருந்து விடுபட்டிருந்த லட்சக்கணக்கான கறுப்பின மக்களின் பெயர்கள், குடும்பப்பெயரோடு, நாட்டின் கணக்கில் முதன்முறையாக ஏறின.

இன்று தன் குடும்ப வரலாற்றைத் தேடத் தொடங்கும் ஒரு கறுப்பின அமெரிக்கர், குடிக்கணக்கு ஏடுகளைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போகலாம். தனிமனிதர் விவரங்களை 72 ஆண்டுகள் மூடிவைக்க வேண்டும் என்பது விதி. அதன்படி 1950ஆம் ஆண்டு ஏடுகள் 2022 ஏப்ரலில் திறக்கப்பட்டன. அங்கிருந்து 1940, 1930 என்று இறங்கினால், பாட்டனும் பூட்டனும் ஓரளவு சீராகக் கிடைத்துக்கொண்டே வருவார்கள். 1890இல் ஒரு பள்ளம் உண்டு. அந்த ஆண்டின் ஏடுகள் 1921 ஜனவரியில் வாஷிங்டனில் நடந்த தீவிபத்தில் சிதைந்து, எஞ்சியவையும் பிறகு அழிக்கப்பட்டன. அந்தப் பள்ளத்தைத் தாண்டி 1870க்கு வந்து சேரலாம். அதற்கு முந்தைய ஏட்டைத் திறந்தால் பெரும்பாலோருக்குப் பெயரே இல்லை. ஆய்வாளர்கள் இந்த இடத்தை ‘1870 சுவர்’ என்கிறார்கள்.

அந்தச் சுவர் எப்படி எழுந்தது, எவற்றைக் கொண்டு அதைத் துளைக்கிறார்கள் என்பதே இக்கட்டுரையின் பொருள். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடிமைப்படுத்தப்பட்டவர்களின் குடும்ப வரலாற்றில் பெரும்பகுதி, அவர்களை உடைமையாக வைத்திருந்தவர்களின் தாள்களில்தான் கிடக்கிறது. ஆகவே வெள்ளையர் குடும்ப வரலாறு, கறுப்பர் குடும்ப வரலாறு என்று அமெரிக்காவில் இரண்டைத் தனித்தனியே எழுத முடியாது. ஒன்றை நேர்மையாக எழுதினால் மற்றது அதற்குள் வந்தே தீரும்.

நெடுங்காலம் அங்கே அப்படி எழுதப்படவில்லை. 1845இல் பாஸ்டனில் தொடங்கிய நியூ இங்கிலாந்து வரலாற்று குலமரபுக் கழகம் அந்நாட்டின் மிகப் பழைய குலமரபு அமைப்பு. இங்கிலாந்திலிருந்து முதலில் வந்து குடியேறிய குடும்பங்களின் கொடிவழியைத் திரட்டுவதே அதன் தொடக்ககாலக் கவலை. 1890இல் ‘அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்’ என்ற பெண்கள் சங்கம் உருவானது. விடுதலைப் போரில் பங்காற்றிய ஒருவரின் நேரடி வழித்தோன்றல் என்பதை ஆவணத்தோடு நிறுவினால்தான் அதில் சேரலாம். குடியேறி வந்தவர்கள் பெருகிய அந்தக் காலத்தில், முன்னால் வந்தவர் யார், பின்னால் வந்தவர் யார் என்று கோடு கிழிக்கவும் குலமரபு உதவியது. அந்தச் சங்கத்தில் கறுப்பினப் பெண் என்று அறியப்பட்ட ஒருவர் உறுப்பினரானது 1977இல்தான். டெட்ராய்ட்டைச் சேர்ந்த கேரன் பாச்சலர், தன் குடும்பத்தைத் தேடிப் போனபோது, பென்சில்வேனியாவில் புரட்சியின் பக்கம் நின்ற வில்லியம் ஹூட் என்ற வெள்ளையரின் வழியில் தான் வந்திருப்பதைக் கண்டார். அதை ஆவணங்களால் நிறுவி உள்ளே போனார்.

இனி சுவருக்கு வருவோம். 1790 முதல் 1840 வரையிலான கணக்குகளில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும்; மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. 1850இல் இந்த முறை மாறியது. சுதந்திரமான ஒவ்வொருவரின் பெயரையும் எழுத வேண்டும் என்று புதிய சட்டம் சொன்னது. அடிமைகளின் பெயர்களையும் எழுதுவதென்றே முதலில் வகுத்த படிவத்தில் இருந்தது. செனட் அவையில் தென் மாநில உறுப்பினர்கள் அதை எதிர்த்தார்கள். விவாதத்தின் முடிவில் பெயர் என்ற கட்டம் நீக்கப்பட்டு, எண் போதும் என்றானது. அதனால் 1850, 1860 ஆகிய ஆண்டுகளின் தனி அடிமைப் பட்டியல்களில் உடைமையாளரின் பெயர் இருக்கும். அதன்கீழ் ‘35, பெண், கறுப்பு’, ‘9, ஆண், கலப்பு’ என்று வரிசைகள் போகும். 1860இல் அப்படி வயதும் பாலும் நிறமுமாக எழுதப்பட்டவர்கள் 39,53,760 பேர். ஏற்கெனவே சுதந்திரமாக இருந்த சுமார் 4,88,000 கறுப்பினத்தவர் மட்டும் பொதுப் பட்டியலில் பெயரோடு இருந்தார்கள்.

இந்த விவாதத்தை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அடிமைப்பட்டவர்களின் பெயர்கள் காலப்போக்கில் தாமாக மறைந்துபோயின என்ற நினைப்பு பரவலாக உண்டு. 1850இல் அவற்றைப் பதிவதற்கு வழி இருந்தது, படிவம் இருந்தது, அலுவலர்கள் இருந்தார்கள். வேண்டாம் என்று ஒரு சட்டமன்றம் தெரிந்தே முடிவெடுத்தது.

ஆனால் அரசு எழுத மறுத்த பெயர்களைச் சொத்துக்காரர்களால் எழுதாமல் இருக்க முடியவில்லை. விற்க, அடகு வைக்க, வாரிசுகளுக்குப் பங்கிட, கடனுக்கு ஈடுகாட்ட, துணியும் சோளமும் அளந்து கொடுக்க, எல்லாவற்றுக்கும் பெயர் வேண்டும். உயில்கள், இறந்தவரின் சொத்து மதிப்பீட்டுப் பட்டியல்கள், அடமானப் பத்திரங்கள், பண்ணைப் பேரேடுகள் இவற்றில் அந்தப் பெயர்கள் இருக்கின்றன. பெரும்பாலும் முதற்பெயர் மட்டும். பக்கத்தில் டாலரில் ஒரு விலை. வர்ஜீனியா 1662இல் இயற்றிய சட்டம் பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்றது. மற்ற குடியேற்றங்களும் அதே வழியில் சென்றன. தாய் அடிமையானால் பிள்ளை அவளுடைய உடைமையாளருக்குச் சொந்தம். ஆகையால் சொத்துப் பட்டியல்களில் தாயையும் பிள்ளையையும் சேர்த்து எழுதியிருப்பார்கள். தகப்பன் பெயர் அரிதாகவே வரும். பிள்ளையை விற்பனைப் பொருளாக்கிய சட்டம்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள உறவுக்கு இன்று கிடைக்கும் சான்றாகவும் இருக்கிறது. இதைப் படிக்கும்போது வரும் வேதனையைத் தள்ளிவைத்துவிட்டு இந்த ஆய்வைச் செய்ய முடியாது என்றே நினைக்கிறேன்.

நம் நிலப்பரப்போடு தொடர்புள்ள ஒரு பதிவும் இப்படித்தான் கிடைத்தது. வர்ஜீனியாவில் ஓர் ஆளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தால் தலைக்கு 50 ஏக்கர் நிலம் கிடைக்கும் என்ற முறை இருந்தது. 1635இல் ஜார்ஜ் மெனிஃபி என்பவர் அப்படி நிலம் கோரிக் கொடுத்த ஆள்பட்டியலில், ‘டோனி, கிழக்கிந்தியன்’ என்று ஒரு வரி வருகிறது. அமெரிக்க மண்ணில் இந்தியர் ஒருவரைப் பற்றி அறியப்பட்ட மிகப் பழைய குறிப்புகளில் ஒன்று அது. நிலம் கேட்டதால் எழுதிய வரி. நிலத்துக்குத் தேவையில்லாத ஊரையும் இயற்பெயரையும் அது சொல்வதில்லை.

சுவரின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போவதற்கு முதலில் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: கடைசி உடைமையாளர் யார்? விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் உடைமையாளரின் குடும்பப்பெயரையே ஏற்றார்கள் என்று பலர் நம்புகிறார்கள். உண்மை அவ்வளவு எளிதல்ல. முந்தைய உடைமையாளர் ஒருவரின் பெயர், தகப்பன் தாத்தா வழியில் ரகசியமாக வழங்கிவந்த பெயர், தாமே விரும்பி வைத்துக்கொண்ட பெயர் என்று பல வகை உண்டு. தானும் அடிமையாக இருந்து தப்பி, பலரைத் தப்புவித்த ஹேரியட் டப்மனின் ஓய்வூதியக் கோப்பு இதற்கு நல்ல சான்று. உள்நாட்டுப் போரில் கறுப்பினப் படைப்பிரிவு ஒன்றில் பணியாற்றிய நெல்சன் டேவிஸ் அவருடைய இரண்டாவது கணவர். கணவர் இறந்தபின் டப்மன் ஓய்வூதியம் கோரியபோது, படைக் குறிப்பில் அவர் பெயர் நெல்சன் சார்ல்ஸ் என்றிருந்தது. உடைமையாளரின் குடும்பப்பெயர் சார்ல்ஸ், தந்தையின் குடும்பப்பெயர் டேவிஸ், விடுதலைக்குப்பின் அவர் தந்தையின் பெயரை எடுத்துக்கொண்டார் என்று டப்மன் உறுதிமொழி கொடுக்க வேண்டியிருந்தது. மாதம் 8 டாலருக்காக எழுதப்பட்ட அந்த வாக்குமூலத்தில் ஒரு குடும்பத்தின் இரண்டு தலைமுறை அடங்கியிருக்கிறது.

இத்தகைய கோப்புகள் ஏராளம். கறுப்பினப் படைப்பிரிவுகளில் சுமார் 1,79,000 பேர் போரிட்டார்கள். அடிமைகளின் திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. ஆகவே விதவைகளிடம் திருமணச் சான்று கிடையாது. அண்டை அயலார், ஒன்றாக அடிமைப்பட்டிருந்தவர்கள், பிள்ளைப்பேறு பார்த்த மருத்துவச்சி, சில சமயம் பழைய உடைமையாளரே வந்து சாட்சி சொன்னார்கள். எந்தப் பண்ணையில், எந்த ஆண்டில், யார் முன்னிலையில் இருவரும் சேர்ந்து வாழத் தொடங்கினார்கள் என்று அதிகாரிகள் துருவித் துருவிக் கேட்டார்கள். அந்தக் கேள்விகளில் அவநம்பிக்கை நிறைய இருந்தது. ஆனால் பதில்கள், வேறெங்கும் கிடைக்காத வாழ்க்கை வரலாறுகளாக வாஷிங்டன் தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

1865க்கும் 1870க்கும் இடையிலான ஆண்டுகள்தான் இந்த ஆய்வில் மிகவும் செழிப்பானவை. 1865 மார்ச் 3இல் அமெரிக்க நாடாளுமன்றம் விடுதலை பெற்றோர் நல அமைப்பை நிறுவியது. 1872 வரை அது இயங்கியது. முன்னாள் அடிமைகளும் நிலக்காரர்களும் செய்துகொண்ட கூலி ஒப்பந்தங்கள், மருத்துவமனைக் குறிப்புகள், உணவுப் பங்கீட்டுப் பட்டியல்கள், பள்ளி அறிக்கைகள், அடிதடி கொலைப் புகார்கள், திருமணப் பதிவுகள் எல்லாம் அதன் காகிதங்களில் உண்டு. விடுதலை பெற்ற முதல் ஆண்டில் பலர் பழைய பண்ணையிலேயே கூலிக்கு ஒப்பந்தம் செய்ததால், உடைமையாளரைக் கண்டுபிடிக்க இந்த ஒப்பந்தங்கள் உதவும். 1866இல் வர்ஜீனியாவிலும் வட கரோலினாவிலும், அடிமைக் காலத்தில் தொடங்கிய இல்லறங்களைச் சட்டப்படி ஏற்கப் பதிவேடுகள் எழுதப்பட்டன. 1867இல் தென் மாநிலங்களில் கறுப்பின ஆண்கள் வாக்காளர்களாகப் பெயர் கொடுத்தார்கள்.

அதே 1865 மார்ச் 3இல் அரசு சாசனம் பெற்ற விடுதலை பெற்றோர் சேமிப்பு வங்கியின் கதை கொடுமையானது. நிர்வாக ஊழலாலும் தவறான கடன்களாலும் 1874இல் அது மூழ்கியது. சுமார் 61,000 பேர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் முடங்கியது. ஆனால் கணக்குத் தொடங்கும்போது, கையெழுத்துப் போடத் தெரியாதவரை அடையாளம் காண்பதற்காக, பெற்றோர், உடன்பிறந்தோர், மனைவி, பிள்ளைகள், பிறந்த ஊர், பழைய எசமானன், பண்ணை என்று வங்கி கேட்டு எழுதிவைத்திருந்தது. 29 கிளைகளின் பதிவேடுகள் மிஞ்சின. விற்கப்பட்டுப் பிரிந்த தம்பி தங்கையரின் பெயர்கள்கூட அவற்றில் உண்டு. யூட்டா மாநிலச் சிறைக் கைதிகள் 550க்கும் மேற்பட்டோர் தாமாக முன்வந்து, பதினோரு ஆண்டுகள் உழைத்து, அந்தப் பதிவேடுகளிலிருந்து சுமார் 4,80,000 பெயர்களைப் பிரித்தெடுத்துக் கொடுத்தார்கள். 2001இல் அது குறுந்தகடாக வெளிவந்தது. கொள்ளைபோன சேமிப்பின் கணக்கேடு, கறுப்பினக் குடும்ப ஆய்வின் மிகச் சிறந்த மூலங்களில் ஒன்றாக ஆனது.

இந்த முயற்சியின் பின்னால் இருந்தது மார்மன் திருச்சபை. இறந்துபோன மூதாதையருக்காகவும் சடங்குகள் செய்யலாம் என்பது அவர்களின் நம்பிக்கை. அதற்கு மூதாதையரின் பெயர் தெரிய வேண்டும். 1894இல் யூட்டாவில் குலமரபுக் கழகம் தொடங்கினார்கள். 1938 முதல் உலகெங்கும் ஆவணங்களை நுண்படமாக எடுத்தார்கள். சால்ட் லேக் சிட்டிக்கு அருகே கருங்கல் மலையைக் குடைந்து கட்டிய பெட்டகத்தில் 24 லட்சம் சுருள்கள் சேர்ந்தன. இன்று அவற்றின் பெரும்பகுதியை ஃபேமிலி சர்ச் தளத்தில் கட்டணமின்றிப் பார்க்கலாம். யூத இனப்படுகொலையில் இறந்தவர்களின் பெயரில் சடங்கு செய்தார்கள் என்று எழுந்த எதிர்ப்பும், 1995இல் அதை நிறுத்தச் செய்துகொண்ட உடன்பாடும் இதே வரலாற்றின் பகுதிகள்தாம். விடுதலை பெற்றோர் நல அமைப்பின் ஆவணங்களிலிருந்து சுமார் 18 லட்சம் பெயர்களை 25,000க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள் 2016க்குள் அட்டவணைப்படுத்தியதும் இந்தத் தளத்தின் வழியேதான்.

மூதாதையைத் தேடும் இந்த வேலையைத் தொடங்கிவைத்தவர்கள் இன்றைய ஆய்வாளர்கள் அல்லர், அடிமைப்பட்டவர்களேதாம். போர் முடிந்ததும் அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, விற்கப்பட்டுப் போன உறவைத் தேடிச் செய்தித்தாள்களில் விளம்பரம் கொடுத்தது. நியூ ஆர்லியன்ஸ் நகரில் வெளிவந்த ‘சவுத்வெஸ்டர்ன் கிறிஸ்டியன் அட்வகேட்’ இதழ் 1877 முதல் ‘தொலைந்த நண்பர்கள்’ என்ற பகுதியை நடத்தியது. சந்தா கட்டாதவருக்கு ஒரு விளம்பரம் 50 சென்ட். ஞாயிறு வழிபாட்டில் போதகர்கள் அதை உரக்கப் படிக்க வேண்டும் என்று இதழ் கேட்டுக்கொண்டது. என் தாயின் பெயர் இது, எங்களை இன்னார் இன்னாரிடம் விற்றார், கடைசியாகப் பார்த்தது இந்த ஊரில் என்று சில வரிகளில் அவை முடிந்துவிடும். முப்பது நாற்பது ஆண்டுகளுக்கு முன் பிரிந்த தாயைத் தேடியவர்கள் உண்டு. சேர்ந்ததாகத் தெரியவருபவர்கள் மிகச் சிலரே. வில்லனோவா பல்கலைக்கழகம் 2017இல் தொடங்கி இத்தகைய விளம்பரங்களை ஆயிரக்கணக்கில் திரட்டி இணையத்தில் வைத்திருக்கிறது. அன்று யாரும் பதில் எழுதாத விளம்பரத்தில் இன்று கொள்ளுப்பேரர்கள் தங்கள் குடும்பத்தைக் கண்டெடுக்கிறார்கள்.

பொதுமக்களிடம் இந்த ஆர்வத்தைப் பற்றவைத்தது அலெக்ஸ் ஹேலியின் ‘ரூட்ஸ்’. 1976இல் நூல் வந்தது. 1977 ஜனவரியில் தொடர்ந்து எட்டு இரவுகள் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகி, ஏறத்தாழ 13 கோடிப் பேரைப் பார்க்க வைத்தது. ஆவணக் காப்பகங்களில் கூட்டம் கூடியது. காம்பியாவிலிருந்து பிடித்துவரப்பட்ட குண்டா கிண்டே 1767இல் அன்னாபொலிஸ் துறைமுகத்தில் இறக்கப்பட்டு ‘டோபி’ என்று பெயரிடப்பட்டான் என்றும், அவனே தன் மூதாதை என்றும் ஹேலி எழுதினார். கேரி மில்ஸ், எலிசபெத் ஷோன் மில்ஸ் இருவரும் 1981இல் வெளியிட்ட ஆய்வில், அந்தக் கப்பல் வருவதற்குமுன்பே உடைமையாளரின் ஆவணங்களில் டோபி என்ற அடிமை இருப்பதைக் காட்டினார்கள். வேறொரு நாவலிலிருந்து பகுதிகளை எடுத்தாண்டதாக நடந்த வழக்கை 1978இல் ஹேலி பணம் கொடுத்து முடித்துக்கொண்டார். குலமரபு ஆய்வு என்ற முறையில் அந்நூல் நிற்காது. ஆனாலும் லட்சக்கணக்கான கறுப்பினக் குடும்பங்களிடம், உங்களுக்கும் தேடக்கூடிய ஒரு வரலாறு உண்டு என்று அது சொன்னது. அந்த நன்மையை நான் குறைத்து மதிப்பிட மாட்டேன். பிழைகளை மன்னிக்கவும் மாட்டேன்.

எலிசபெத் ஷோன் மில்ஸ் பின்னாளில் இத்துறையின் சான்று நெறியை வகுத்தவர்களில் முதன்மையானவர். ஒருவரை மட்டும் துரத்தாதே, அவருடைய உறவினர், நட்பினர், கூட்டாளிகள், அண்டைவீட்டார் எல்லோரையும் சேர்த்து ஆராய் என்பது அவர் வலியுறுத்திய முறை. 1870 சுவருக்கு முன்னால் இது மிகவும் பயன்படுகிறது. கணக்கேட்டில் பக்கத்து வீடுகளில் யார் இருக்கிறார்கள்? அவர்களில் நிலமுள்ள வெள்ளையர் யார்? அவருடைய தந்தை எப்போது இறந்தார், எந்தக் கவுண்டி நீதிமன்றத்தில் சொத்துப் பிரிக்கப்பட்டது? அந்தப் பட்டியலில் உள்ள முதற்பெயர்களும் வயதுகளும் 1870இன் குடும்பத்தோடு பொருந்துகின்றனவா? ஒரு பெயர் பொருந்தினால் அது தற்செயலாக இருக்கலாம். தாய், நான்கு பிள்ளைகள், அவர்களின் வயது வரிசை எல்லாம் பொருந்தினால் சான்றாகும்.

இப்படித்தான் மிஷெல் ஒபாமாவின் தாய்வழியில் ஐந்து தலைமுறைக்கு முந்தைய பாட்டியைக் கண்டார்கள். குலமரபு ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் ஆவணங்களைத் தேடினார். பத்திரிகையாளர் ரேச்சல் ஸ்வார்ன்ஸ் 2009இல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழிலும் பிறகு தனி நூலாகவும் எழுதினார். தென் கரோலினாவின் ஸ்பார்ட்டன்பர்க் பகுதியில் டேவிட் பேட்டர்சன் என்ற முதியவர் 1850இல் எழுதிய உயிலில், மேசைவிரிப்புகள், அரிவாள்கள், கால்நடைகளுக்கு நடுவே மெல்வினியா என்ற ஆறு வயதுச் சிறுமியின் பெயர் வருகிறது. சிறிது காலத்தில் அவளுக்குப் போட்ட மதிப்பு 475 டாலர். அவள் பேட்டர்சனின் மகள் வாழ்ந்த ஜார்ஜியா மாநிலப் பண்ணைக்கு அனுப்பப்பட்டாள். சுமார் பதினைந்து வயதில் அவளுக்குப் பிறந்த டால்ஃபஸ் ஷீல்ட்ஸ் என்ற மகனின் தந்தை ஒரு வெள்ளையர்; அவர் அந்த ஜார்ஜியப் பண்ணை எசமானனின் மகன் சார்ல்ஸ் மேரியன் ஷீல்ட்ஸாக இருக்கலாம் என்று பின்னாளைய மரபணுச் சோதனைகள் சுட்டின. மெல்வினியா 1938இல் இறந்தார். இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்கான இடத்தில், தெரியாது என்று உறவினர் ஒருவர் எழுதச் சொல்லியிருக்கிறார். அவருடைய சிறுவயதைச் சொல்லும் தாள் வேறொரு மாநிலத்தின் உயில் கட்டில் அப்போதும் பத்திரமாகத்தான் இருந்தது.

உடைமையாளர் ஒரு நிறுவனமாக இருந்தால் தாள்கள் இன்னும் கூடுதலாகக் கிடைக்கும். 1838இல் மேரிலாந்து இயேசு சபைத் துறவிகள், ஜார்ஜ்டவுன் கல்லூரியின் கடனைத் தீர்க்கும் பொருட்டு, தங்கள் பண்ணைகளில் இருந்த 272 பேரை 1,15,000 டாலருக்கு லூசியானாவுக்கு விற்க ஒப்பந்தம் செய்தார்கள். விற்கப்பட்டோரெல்லாம் அங்கே காய்ச்சலில் மாண்டுபோனார்கள், வழித்தோன்றல்களே இல்லை என்று 2015இல் ஒருவர் சொன்னதை ரிச்சர்ட் செலினி என்ற முன்னாள் மாணவர் நம்பவில்லை. அவர் ஆய்வாளர்களை அமர்த்தினார். வெளிநாட்டு அடிமை இறக்குமதியைத் தடுத்த சட்டம், உள்நாட்டுக் கரையோரக் கப்பல்களில் ஏற்றப்படும் அடிமைகளுக்குப் பெயர், வயது, உயரத்தோடு பட்டியல் தர வேண்டும் என்றது. அதனால் ‘கேத்தரின் ஜாக்சன்’ கப்பலின் பட்டியல் இருந்தது. துறவிகள் ஞானஸ்நானப் பதிவுகளை ஒழுங்காக எழுதியிருந்தார்கள். லூசியானாவிலும் அவர்கள் கத்தோலிக்கராகவே தொடர்ந்ததால் அங்குள்ள ஆலயங்களிலும் பதிவுகள் தொடர்ந்தன. 8,000க்கும் மேற்பட்ட வழித்தோன்றல்கள் அடையாளம் காணப்பட்டார்கள். மேரிங்குவின் என்ற சிற்றூரில் பெரும்பாலோர் அந்த 272 பேரின் வழியில் வந்தவர்கள். 2017 ஏப்ரலில் பல்கலைக்கழகமும் இயேசு சபையும் மன்னிப்புக் கோரின. விற்பனைப் பட்டியலின் முதல் பெயரான ஐசக் ஹாக்கின்ஸின் பெயர் ஒரு கட்டடத்துக்கு இடப்பட்டது.

தாளை மட்டும் நம்பி, வாய்மொழியைத் தள்ளுவது எவ்வளவு பெரிய பிழை என்பதற்கு ஜெஃபர்சன் விவகாரம் போதும். அமெரிக்கக் குடியரசுத் தலைவராக இருந்த தாமஸ் ஜெஃபர்சனுக்கும் அவருடைய அடிமையான சாலி ஹெமிங்ஸுக்கும் பிறந்தவன் நான் என்று மேடிசன் ஹெமிங்ஸ் 1873இல் ஒஹாயோ பத்திரிகை ஒன்றில் தன் நினைவுகளைச் சொன்னார். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன், 1870 கணக்கெடுப்பில், அவர் ஜெஃபர்சனின் மகன் என்று அலுவலர் அவர் பெயருக்கருகே குறித்தும் வைத்திருந்தார். வரலாற்றாசிரியர்களில் பெரும்பாலோர் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இதை ஏற்கவில்லை. வெள்ளை உறவினர்கள் சொன்ன மறுப்பை மட்டும் ஏற்றார்கள். 1997இல் சட்டப் பேராசிரியர் அனெட் கார்டன்-ரீட், இரு தரப்புச் சாட்சியங்களையும் ஒரே தராசில் நிறுத்தி, ஹெமிங்ஸ் குடும்பத்தின் கூற்றே வலுவானது என்று வாதிட்டார். 1998இல் ஜெஃபர்சனின் தந்தைவழி ஆண் உறவினர்களின் மரபணுவும், சாலியின் இளைய மகன் எஸ்டனின் வழித்தோன்றலின் மரபணுவும் ஒத்துப்போயின. 2000இல் ஜெஃபர்சனின் மாளிகையைப் பராமரிக்கும் அறக்கட்டளையும் அந்த முடிவுக்கு வந்தது.

தாளே பொய் சொன்ன காலமும் உண்டு. வர்ஜீனியாவின் பிறப்பு இறப்புப் பதிவுத் துறைக்கு 1912 முதல் 1946 வரை தலைவராக இருந்த வால்ட்டர் பிளெக்கர், 1924இன் இனத் தூய்மைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மாநிலத்தின் பூர்வகுடிகளைக் கறுப்பர் என்று பதிவு செய்ய வைத்தார். பிறப்புச் சான்றுகளைத் திருத்தினார். எந்தெந்தக் குடும்பப்பெயர்களை ஏற்கக்கூடாது என்று 1943இல் சுற்றறிக்கை அனுப்பினார். பிற்காலத்தில் அந்தப் பழங்குடிகள் கூட்டரசின் அங்கீகாரம் கோரியபோது, தொடர்ச்சியான பதிவுகள் இல்லாதது தடையாக நின்றது. ஆறு பழங்குடிகளுக்கு 2018இல்தான் சட்டத்தின் மூலம் அங்கீகாரம் கிடைத்தது.

மரபணுச் சோதனை இன்று பெரிய சந்தை. அதன் பயனை மறுக்க முடியாது. 2023இல் வெளியான ஓர் ஆய்வு, மேரிலாந்தின் கேட்டாக்டின் இரும்பு உலையில் உழைத்துப் புதைக்கப்பட்ட 27 பேரின் எலும்பு மரபணுவை ஒரு வணிக நிறுவனத்தின் தரவோடு ஒப்பிட்டு, 41,799 உறவினர்களைக் கண்டது. சராசரி ஆப்பிரிக்க அமெரிக்கரின் மரபணுவில் ஏறத்தாழ 24 விழுக்காடு ஐரோப்பிய வழி என்று 2015இல் வந்த ஆய்வு சொல்கிறது. உயில்களும் பேரேடுகளும் எழுதாமல் விட்ட வன்முறையின் அளவை அந்த எண் சொல்கிறது. ஆனால் ஒருவர் எச்சிலைக் கொடுத்தால் அவருடைய உறவினர் அனைவரின் ரகசியமும் சேர்ந்து போகிறது. 2023இல் 23அண்ட்மீ நிறுவனத்தின் தரவுத் திருட்டில் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது. மரபணு உறவு உண்டென்று மட்டும் சொல்லும். பெயரையும் ஊரையும் தாள்தான் சொல்ல வேண்டும்.

அதனால் பேச்சு மறுபடியும் தாள்களிடம் வருகிறது. 1845இல் பழைய ஆங்கிலேயக் குடும்பங்களுக்காகத் தொடங்கிய அதே பாஸ்டன் கழகம், 2023இல் ‘ஒரு கோடிப் பெயர்கள்’ என்ற திட்டத்தை அறிவித்தது. இன்றைய அமெரிக்காவின் எல்லைக்குள் 1865 வரை அடிமைப்பட்டிருந்த சுமார் ஒரு கோடி ஆப்பிரிக்க வழியினரின் பெயர்களை மீட்பது அதன் நோக்கம். செலினியும் அதன் முன்னோடிகளில் ஒருவர். அரசுக் காப்பகங்களில் உள்ளவற்றை மட்டும் கொண்டு இது நிறைவேறாது. தென் மாநிலப் பழைய குடும்பங்களின் பரண்களிலும் பெட்டகங்களிலும் பேரேடுகளும், அடிமைகளின் பிறப்பை எழுதிவைத்த குடும்ப வேதாகமங்களும் இன்னும் இருக்கின்றன. சிலர் வெட்கத்தால் மூடி வைத்திருக்கிறார்கள், சிலர் அருமை தெரியாமல் வைத்திருக்கிறார்கள். அந்தத் தாள்கள் அவர்களுடைய குடும்பச் சொத்து மட்டும் ஆகா; அவற்றில் எழுதப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அவற்றின்மேல் இன்னும் பெரிய உரிமை உண்டு. படியெடுத்தாவது அவற்றைப் பொதுக் காப்பகங்களுக்குக் கொடுக்க வேண்டும்.

இங்கிருக்கும் வாசகரும் இந்த வேலையில் கை கொடுக்கலாம். ஸ்மித்சோனியன் நிறுவனம் விடுதலை பெற்றோர் நல அமைப்பின் கையெழுத்து ஆவணங்களை இணையத்தில் வைத்து, தன்னார்வலர்களைக் கொண்டு வரிவரியாகத் தட்டச்சு செய்விக்கிறது. எந்த நாட்டிலிருந்தும் சேரலாம். பழைய ஆங்கிலக் கூட்டெழுத்தைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.